அந்த மூன்று விடுகைப் பத்திரங்களையும் கொடுக்காதீர்கள்

பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களுக்கும், அதிபர் அவர்களுக்கும், பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

போன வெள்ளிக்கிழமை நடந்த விசேட கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் எடுத்திருக்கிறீர்கள். போன் பறித்த வழக்கில் பிடிபட்ட மூன்று பையன்களுக்கும் விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்பிவிடுவது ஒன்று. தரம் 9 முதல் 11 வரை படிக்கும் ஆண் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வெலிக்கடைச் சிறைக்குக் கூட்டிப்போய், தப்புச் செய்தால் கடைசியில் இங்கேதான் வரவேண்டும் என்று கண்ணால் காட்டுவது மற்றது. இவற்றோடு மூன்றாவதாகவும் ஒன்று நடந்தது. அன்று இரவே அந்தப் பிள்ளைகளின் படமும் பெயரும் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் வந்தன. 'இவங்கள்தான் அந்தக் கள்ளன்மார்' என்று கீழே எழுதியிருந்தது. அந்தக் குழுவில் உங்களில் ஆறு பேர் இருக்கிறீர்கள். அழிக்கச் சொல்லி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அதனால் அதையும் உங்கள் தீர்மானமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த மூன்றையும் திரும்பப் பெறும்படி கேட்கத்தான் எழுதுகிறேன். நான் இந்தப் பாடசாலையில் 26 வருடம் கணிதம் படிப்பித்தவள். ஓய்வு பெறுவதற்கு முந்திய ஏழு வருடம் ஆலோசனை வழிகாட்டல் அறையும் என் பொறுப்பில் இருந்தது. அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்களில் நாலு பேர் என் வகுப்பில் இருந்தவர்கள். எழுதும் உரிமை எனக்கு உண்டென்று நினைக்கிறேன். பிள்ளைகள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

முதலில், போனைப் பறிகொடுத்த அந்தத் தங்கச்சியைப் பற்றி. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவளின் கையிலிருந்து போனைப் பிடுங்கியிருக்கிறார்கள். அவள் விடாமல் பிடித்தாள், ஒருவன் தள்ளினான், விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. தையல் மெஷினில் வேலை செய்கிறவள். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அவள் வாடகைக்கு இருக்கும் அறைக்குப் போய்ப் பார்த்தேன். "பொலிஸ்ல இருந்து ரெண்டு தடவ கூப்பிட்டாங்க மிஸ். பள்ளிக்கூடத்துல இருந்து யாரும் வரல" என்றாள். உங்கள் கூட்ட அறிக்கையில் 'பாடசாலையின் நற்பெயர்' என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது. அவளுடைய கை ஓரிடத்திலும் வரவில்லை. இந்தப் பையன்கள் செய்தது சின்ன விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பெண்ணின் கையை முறித்து, அவளுடைய சோற்றில் மண் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஏன் செய்தார்கள் என்ற கேள்விக்குக் கூட்டத்தில் சொல்லப்பட்ட பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "இதுகள் பிறவியே அப்படி, முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்று ஒருவர் சொன்னாராம். மற்றவர்கள் தலையாட்டினார்களாம்.

முகத்தைப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று 1876இல் இத்தாலியில் சேசரே லொம்புரோசோ என்ற வைத்தியர் எழுதினார். தாடை, நெற்றி, காது எல்லாவற்றையும் அளந்து, குற்றவாளி பிறவியிலேயே வேறு வகை மனிதன் என்றார். இங்கிலாந்தில் சிறை வைத்தியராக இருந்த சார்ள்ஸ் கோரிங் ஏறக்குறைய 3,000 கைதிகளை அளந்து, சிறைக்கே போகாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, 1913இல் முடிவை வெளியிட்டார். அப்படி ஒரு தனிவகை முகமும் இல்லை, உடம்பும் இல்லை. நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது அந்தக் கருத்து செத்துப்போய்.

கொழும்புத் தமிழர்களுக்கு இதை லொம்புரோசோவும் கோரிங்கும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, அடையாள அட்டையில் பெயரைப் பார்த்து, முகத்தைப் பார்த்து இறக்கிய காலத்தில் வாழ்ந்தவர்கள் நாம். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் தங்கியிருந்த நம்மவர்களை பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பியதைப் பார்த்தவர்கள். அந்தக் காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் என் தம்பியைப் பிடித்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் விட்டார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கையில் இருந்த சொந்தச் சனமே "சும்மா பிடிப்பாங்களா" என்று கேட்டது. வீட்டுக்காரர் அறையைக் காலிபண்ணச் சொன்னார். தம்பி அதற்குப் பிறகு எட்டு ஒன்பது மாதம் பகலில் வெளியே இறங்கவில்லை. பொலிஸில் இருந்த மூன்று நாளைப் பற்றி அவன் இன்றைக்கும் பேசுவான். அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசமாட்டான்.

தம்பி ஒன்றும் செய்யவில்லை, இந்தப் பையன்கள் செய்தார்கள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆளின் மேல் ஒரு பெயரை எழுதி ஒட்டிவிட்டு, இனி அவன் அதுதான் என்று நடத்தினால் அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்பதை நாம் அனுபவத்தில் அறிந்தவர்கள். அதை நம் பிள்ளைகளுக்கே செய்கிறோமே என்றுதான் மனம் கொதிக்கிறது.

சரி, பிறவிக் குணம் இல்லையென்றால் வேறென்ன? குற்றச் செயலின் உளவியலில் மிகப் பழையதும் மிக உறுதியானதுமான கண்டுபிடிப்பு வயது சம்பந்தமானது. பெல்ஜியத்துக்காரரான அடோல்ப் கெட்டலே 1831இலேயே பிரான்ஸ் நாட்டு நீதிமன்றக் கணக்குகளை வைத்து, குற்றம் இளவயதில் ஏறிப் பிறகு இறங்குகிறது என்று காட்டினார். பின்னால் வந்தவர்கள் பல நாடுகளில் பார்த்ததும் அதே வடிவம்தான். பதின்ம வயதில் மளமளவென்று ஏறும், அந்த வயது முடியும் தறுவாயில் உச்சிக்கு வரும், இருபதுகளில் இறங்கத் தொடங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்குள் இரண்டு வகைப் பிள்ளைகள் கலந்திருக்கிறார்கள் என்று 1993இல் டெரி மொபிட் என்ற உளவியலாளர் எழுதினார். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பிள்ளைகளைச் சிறுவயது முதல் இன்றுவரை பின்தொடரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் வேலை செய்தவர் அவர். ஒரு சிறு தொகையினர் பாலர் வகுப்புக் காலத்திலேயே அடிப்பதும் கடிப்பதும் அடங்காததுமாகத் தொடங்கி, பெரியவர்களான பின்னும் விடுவதில்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் மூளை வளர்ச்சியில் ஏதோ ஒரு சிக்கலும் வீட்டில் அடிதடியும் சேர்ந்தே இருக்கும். மற்றவர்கள், அதாவது பெரும்பான்மையினர், பதின்ம வயதில் மட்டும் தடம் மாறுகிறவர்கள். உடம்பு வளர்ந்துவிட்டது, ஆனால் பெரிய ஆளுக்கு உள்ள காசோ மரியாதையோ தன் இஷ்டத்துக்கு நடக்கும் சுதந்திரமோ கையில் இல்லை. அதெல்லாம் இருப்பதுபோலத் தெரிகிற மூத்த பையன்களைப் பார்த்து அவர்கள் செய்வதைச் செய்கிறார்கள். பிறகு வேலை, குடும்பம் என்று வந்ததும் தாமாகவே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் எல்லோராலும் விட முடிவதில்லை. ஏன் என்பதற்கு மொபிட் ஒரு காரணம் சொன்னார். வழியில் சில கண்ணிகள் இருக்கின்றன: சிறைவாசம், போதைப் பழக்கம், பாதியில் அறுந்த படிப்பு. இவற்றில் கால் மாட்டியவனுக்குத் திரும்பிவர மனமிருந்தாலும் திரும்பிவர வழியில்லை. உங்கள் தீர்மானத்தை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இதுதான். மூன்று பிள்ளைகளின் காலடியில் நீங்களே ஒரு கண்ணியை வைக்கிறீர்கள்.

இந்த மூன்று பேரின் வகுப்பாசிரியர்களிடமும் பேசினேன். இரண்டு பேர் மீது தரம் 9 வரை ஒரு முறைப்பாடும் இல்லை. ஒருவனுடைய அப்பாவை 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கிய நாட்களில் ஐஸ் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கொண்டு போனார்கள். அடுத்த தவணையிலிருந்து வரவு இடாப்பைப் பாருங்கள், வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். யாரும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், அந்த அறை அன்றிலிருந்து பூட்டியே கிடக்கிறது. விளையாட்டுச் சாமான்களும் பழைய பேப்பர்களும் அடுக்கியிருப்பதாகக் கேள்வி. இன்னொருவனின் அம்மா குவைத்தில். பாட்டிதான் பார்க்கிறார், அவருக்கோ கண் சரியாகத் தெரியாது. அப்பா உள்ளே இருக்கிற பிள்ளைகள், அம்மா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் போன் பறிக்கப் போவதில்லை என்பதும் உண்மை. அதே குடியிருப்பில் அதே நிலைமையில் எத்தனையோ பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்கள். கஷ்டம் மட்டுமே ஒருவனைக் களவுக்கு அனுப்பாது. ஆனால் கஷ்டத்தோடு யாரும் கவனிக்காத ஒரு வருடமும், சேர்ந்து சுற்ற இரண்டு மூத்த பையன்களும் கிடைத்தால் அது வேறு விஷயம்.

மூன்றாவது பையன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தனியா இருந்திருந்தா செஞ்சிருக்கவே மாட்டேன் மிஸ். அவன் பாத்துக்கிட்டு இருந்தான்." இதைச் சாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு; எப்போது பிரேக் பிடிப்பது என்று ஆடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடும்போது பெரியவர்களைப் போலத்தான் ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்க்கத் தொடங்கியதும் துணிச்சல் தாறுமாறாக ஏறியது. 24 வயதைத் தாண்டியவர்களுக்கு யார் பார்த்தாலும் ஒன்றுதான். யோசித்து நிறுத்துகிற மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. 'தெரிந்துதானே செய்தான்' என்கிறீர்கள். தெரிந்துதான் செய்தான். தெரிவது ஒன்று, கூட்டாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு நிமிடம் நிறுத்த முடிவது இன்னொன்று.

அவனிடம் அந்தத் தங்கச்சியைப் பற்றிக் கேட்டேன். "பெரிய போன் மிஸ், புதுசு வாங்கிக்குவாங்க" என்றான். சைக்ஸ், மாட்சா என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1957இலேயே இந்தப் பேச்சை எழுதி வைத்திருக்கிறார்கள். தவறு செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் நல்லது கெட்டது தெரியாதவர்கள் இல்லை. தெரிவதால்தான் தங்களுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்: அவருக்கு ஒன்றும் நட்டமில்லை, அவர் நல்லவரில்லை, என்மேல் குற்றமில்லை, நம்மைக் கேட்க வருகிறவர்கள் மட்டும் ஒழுங்கா, கூட்டாளிக்காகத்தான் செய்தேன். நான் அவனிடம் மணிக்கட்டு முறிந்ததைச் சொன்னேன். தையல் மெஷினைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வட்ஸ்அப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் முகம் இறுகிவிட்டது. "அவங்க மட்டும் என்ன ஒழுங்கா?" என்றான். முதலாவது பேச்சில் அவனுக்குள் திறந்த ஒரு கதவு இரண்டாவதில் மூடிக்கொண்டதை நேரில் கண்டேன்.

'நான் செய்தது கூடாது' என்று நினைப்பதும் 'நானே கூடாதவன்' என்று நினைப்பதும் வேறு வேறு. ஜூன் டாங்க்னி என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் அமெரிக்கச் சிறைக் கைதிகளை விடுதலைக்குப் பின்னும் பின்தொடர்ந்து 2014இல் எழுதினார்கள். செய்த காரியத்துக்காகக் குற்றவுணர்வு கொள்ளும் இயல்புள்ளவர்கள் மறுபடி தவறு செய்வது குறைந்திருந்தது. தன்னையே கேவலமாக உணர்ந்து, அதைத் தாங்க முடியாமல் பழியை மற்றவர் மேல் போட்டவர்கள் மறுபடியும் குற்றத்துக்குத் திரும்புவது கூடியிருந்தது. ஒரு பிள்ளையின் படத்தை முந்நூறு வீட்டுக்கு அனுப்பினால் அவனுக்குள் எந்த உணர்வு வரும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன் ஒரு பிழை செய்தேன். 2009இல் ஒழுக்காற்றுக் குழுவில் நானும் இருந்தேன். விளையாட்டுப் போட்டிக்குச் சேர்த்த காசில் கைவைத்த ஒரு தரம் 10 பையனுக்கு விடுகைப் பத்திரம் கொடுக்கச் சொல்லி நாங்கள் ஐந்து பேர் கையெழுத்திட்டோம். பதினைந்து நிமிடத்தில் முடிந்த வேலை. எட்டு வருடம் கழித்து ஒருநாள் அவனுடைய அம்மா என் வீட்டு வாசலில் நின்றார். "மிஸ், ரிமாண்ட்ல இருக்கான். உங்களப் பாக்கணும்னு சொன்னான்."

பொரளையில் அந்த மதிலோரத்தில், சாப்பாட்டுப் பார்சலோடு வரிசையில் நின்றேன். அதிகாலையிலிருந்து அங்கே நிற்கிற அம்மாமார்களைப் பார்த்தேன். எங்கள் பார்சலைப் பிரித்து, சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன்தான் "மிஸ்" என்று கூப்பிட்டான். எனக்கு முன்னால் பத்து நிமிடம் இருந்தது, அதில் பாதி நேரம் அவன் என் கால் எப்படி, சுகமா என்றெல்லாம் விசாரித்தான். கடைசியில் சொன்னான்: "பள்ளிக்கூடத்த விட்ட பிறகு காலையில ஏழரை மணிதான் மிஸ் பெரிய கஷ்டம். எல்லாரும் வெள்ளச் சட்டையோட போவாங்க. நான் வீட்டுக்குள்ளயே இருப்பேன், அம்மா திட்டுவாங்க. ஒழுங்கை முனையில் அந்த நேரத்துல சும்மா நிக்கிறவங்க அவங்க மட்டும்தான்."

அவன் எங்களைக் குறைசொல்லவில்லை. காலை ஏழரை மணிக்கு ஒரு பதினைந்து வயதுப் பையன் எங்கே போவான் என்று அந்தப் பதினைந்து நிமிடக் கூட்டத்தில் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நீங்களும் கேட்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்குப் பிறகு கென்டீனில் காசு எடுத்த ஒரு பையன் பிடிபட்டான். அப்போதிருந்த பிரதி அதிபர் அவனைக் கென்டீன் அக்காவின் முன்னால் உட்காரவைத்தார். அந்த அக்கா தன் கணக்குக் கொப்பியை எடுத்து, அன்று அவருக்கு எவ்வளவு மிஞ்சியது, அதில் அவன் எவ்வளவு எடுத்தான், அன்றிரவு வீட்டில் என்ன சமைத்தார் என்று சொன்னார். பையன் அழுதுவிட்டான். ஒரு தவணை முழுக்க இடைவேளையில் கென்டீன் வேலை செய்து காசைத் திருப்பிக் கொடுத்தான். இன்று ஏசி திருத்தும் வேலை செய்கிறான், இரண்டு பிள்ளைகள். அதே வழியில் நாங்கள் வைத்துப் பார்த்த இன்னொரு பையன் மறுபடியும் களவெடுத்தான், பள்ளிக்கூடத்தையும் தானாகவே விட்டான். எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். வெளியே அனுப்பியதால் ஒருவன் திருந்தினான் என்று என் 26 வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூடக் காணவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

வெலிக்கடைச் சுற்றுலாவுக்கு வருகிறேன். பயம் காட்டினால் திருந்துவான் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜேர்சியின் ராவே சிறையில் 1970களில் இதையே செய்தார்கள். ஆயுள் கைதிகள் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கத்தி, உள்ளே என்ன நடக்கும் என்று மிரட்டினார்கள். தொலைக்காட்சியில் காட்டி நாடு முழுக்கப் பிரபலமாக்கினார்கள். பிறகு அந்தோனி பெட்ரோசினோவும் கூட்டாளிகளும் இந்த வகை நிகழ்ச்சிகளில் முறையாகச் சோதிக்கப்பட்ட ஒன்பதைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகள். சிறைக்குக் கூட்டிப்போன பிள்ளைகள், போகாத பிள்ளைகளைவிடக் கூடுதலாகக் குற்றம் செய்தார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால்கூட அதைவிட நல்லது என்பதுதான் முடிவு. நம் பையன்களில் எத்தனை பேருக்கு அப்பாவோ மாமாவோ அண்ணனோ உள்ளே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தச் சுற்றுலா என்ன சொல்லும்? உன் ஆட்கள் இருக்கிற இடம் இது, உன் இடமும் இதுதான் என்று சொல்லும்.

வெலிக்கடையின் அந்த மதில் 1841இல் வெள்ளைக்காரன் கட்டிய சிறையின் மதில். 1983 ஜூலையில் 53 தமிழ்க் கைதிகள் அதற்குள் கொல்லப்பட்டார்கள். 2012 நவம்பரில் 27 கைதிகள் இறந்தார்கள். பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை அது.

சட்டத்தின் பக்கமும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 2016இலிருந்து இந்த நாட்டில் கட்டாயக் கல்வி வயது 16 வரை. மூவரில் இருவர் இன்னும் அந்த வயதைத் தாண்டவில்லை. குற்றப் பொறுப்பு வயது எட்டாக இருந்தது; 2018இல் அதை 12 ஆக்கினார்கள். பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது என்று 1939இலேயே தனிச் சட்டம் செய்த நாடு இது. நீதவான் பிணை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளை நாம் எந்த விசாரணையும் இல்லாமல் தண்டிக்கிறோம்.

மற்றப் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. 'என் பிள்ளை பக்கத்தில் அவன் இருக்கக் கூடாது' என்று சொன்ன அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பிள்ளையைப் பாதுகாக்க வேண்டியது உங்கள் கடமைதான். அதற்கு வகுப்பு மாற்றலாம், மூன்று பேரையும் வேறு வேறு பிரிவில் போடலாம், இடைவேளையிலும் பள்ளி விடும்போதும் ஒரு ஆசிரியரின் கண் பார்வையில் வைக்கலாம். வெளியே அனுப்பினால் அந்தப் பையன் இல்லாமல் போய்விடமாட்டான். அந்த அம்மாவின் பிள்ளை ரியூசன் முடிந்து வருகிற அதே பாதையில், கூட்டாளிகளோடு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்பான்.

பணமில்லை என்று சொல்லிவிடவும் வேண்டாம். லைபீரியாவின் மொன்றோவியா நகரில், உள்நாட்டு யுத்தம் முடிந்து, களவும் கத்தியுமாகத் திரிந்த 999 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. எட்டு வாரம் சிறு குழுக்களாகக் கூடினார்கள். கோபம் வந்தால் நிறுத்திப் பார்ப்பது, தன்னை வேறு விதமாகப் பார்க்கப் பழகுவது என்று பயிற்சி. ஒரு பகுதியினருக்கு அதோடு 200 டொலரும் கொடுத்தார்கள். பயிற்சியும் பணமும் கிடைத்தவர்களிடம் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் களவும் வன்முறையும் பாதியளவுக்குக் குறைந்திருந்தன. யுத்தத்தைப் பார்த்த ஆட்கள், சிலர் துப்பாக்கியும் தூக்கியவர்கள். நம்முடையவர்கள் ஒரு போனைப் பறித்த சின்னப் பையன்கள்.

சிக்காகோவில் பள்ளிக்கூடங்களில் நடத்துகிற ஒரு பயிற்சியை நான் என் அறையில் செய்து பார்த்திருக்கிறேன். ஒருவன் கையில் டெனிஸ் பந்து. எதிரில் இருப்பவன் அரை நிமிடத்தில் அதை எடுக்க வேண்டும். எல்லாரும் விரலைப் பிரிக்கவும் கையை முறுக்கவும் தொடங்கினார்கள். "யாராவது கேட்டுப் பாத்தீங்களா?" என்றேன். தரம் 10 பையன்கள் இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த சிக்காகோ நிகழ்ச்சி நடந்த காலத்தில் வன்முறைக்காகக் கைதாவது பாதியளவு குறைந்தது. நிறுத்திய பிறகு அந்தப் பலன் தேய்ந்துவிட்டது. அதனால் ஒருநாள் கருத்தரங்கு வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது.

ஆகவே நான் கேட்பவை. மூன்று விடுகைப் பத்திரங்களையும் நிறுத்துங்கள். வழக்கு முடியும்வரை மட்டும் இல்லை, முடிந்த பின்னும் அவர்கள் இந்தப் பாடசாலைப் பிள்ளைகள் என்று எழுத்தில் சொல்லுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும்போது, இந்தப் பிள்ளைக்குப் போக ஒரு பாடசாலை இருக்கிறது என்ற கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவில் உள்ள படங்களை இன்றே அழிக்கச் செய்து, பகிர வேண்டாம் என்று அதிபரின் பெயரில் அறிவித்தல் போடுங்கள். 1929 என்ற இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை விசாரிக்கும். நான் இன்னும் எடுக்கவில்லை. முதலில் உங்களிடம் கேட்கிறேன். வெலிக்கடைப் பயணத்தைக் கைவிட்டு, அந்த பஸ் காசை ஆலோசனை அறைக்குக் கொடுங்கள். அறையைத் துப்புரவாக்கி, அந்தப் பொறுப்புக்கு ஒரு ஆசிரியரைக் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு இந்த மாதமே கடிதம் அனுப்புங்கள். ஆள் வரும்வரை வாரத்தில் மூன்று நாள் நான் வந்து இருக்கத் தயார், சம்பளம் வேண்டாம். ஒரு சிறு குழு தொடங்கினால் பிரச்சினைப் பிள்ளைகளை மட்டும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். அப்படிச் சேர்த்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கெட்டதையே பழகுவார்கள் என்று தோமஸ் டிஷியன், ஜோன் மெக்கோர்ட் போன்றவர்கள் 1999இலேயே காட்டியிருக்கிறார்கள். வரவு இடாப்பில் ஒரு வாரம் தொடர்ந்து காணாத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும் என்ற வழக்கத்தையும் கொண்டு வாருங்கள்.

அந்தத் தங்கச்சிக்கும் பாடசாலை பதில் சொல்ல வேண்டும். அவள் விரும்பினால் மட்டும், வழக்கறிஞரிடமும் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் கேட்டுக்கொண்டு, அந்த மூன்று பேரும் அவள் முன்னால் போய் இருந்து அவள் சொல்வதைக் கேட்க வேண்டும். போனுக்கும் இழந்த சம்பளத்துக்கும் அவர்களும் குடும்பத்தினரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். குடும்பங்களால் முடியாத பங்கைப் பழைய மாணவர் சங்கம் கடனாகக் கொடுக்கட்டும்.

எனக்கு எழுத்தில் பதில் வேண்டும், வழக்கு மறுபடி கூப்பிடப்படுவதற்கு முன். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அவளைப் பார்க்கப் போகிறேன். உங்களில் ஒருவராவது என்னோடு வாருங்கள்.

உங்கள் பழைய கணித ஆசிரியை
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13